பலா விளைந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டிப் பார்த்தும் தெரியவில்லை

செம்மண்தோப்பு | ஏப்ரல் 19, இரவு 8.40

வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது தாத்தா வைத்த பதினொரு பலா மரங்களில் ஒன்பது சாய்ந்துவிட்டன. அடுத்த மழைக்கு அப்பா நட்ட கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன. அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். அவர் மரத்தடியில் போய் நிற்பார், தட்டுவார், "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்பார். நான் சென்னையில் வேலையில் இருந்துவிட்டதால் அந்த வித்தையைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பங்குனிக் கடைசியில் முதல் காயை நானே வெட்டினேன். பதினாலு கிலோ. இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, முற்றியிருக்கும் என்று நினைத்தேன். சாக்கு போட்டு மூடி ஏழு நாள் வைத்தும் வாசம் வரவில்லை. எட்டாம் நாள் அறுத்தால் சுளை வெளிறிக் கிடக்கிறது, வாயில் போட்டால் சப்பென்று ரப்பர் மாதிரி இருக்கிறது. சுளையைச் சுற்றியுள்ள நாரான சடையை உரிக்க முடியவில்லை, கை முழுக்கப் பால். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக் கூட்டு வைத்துவிட்டார்.

மரங்களில் இன்னும் இருபத்தேழு காய்கள் தொங்குகின்றன. ஒரு வியாபாரி வந்து, மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டிக்கொள்கிறேன் என்கிறார். எனக்கோ எதைத் தட்டினாலும் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலியூர் மரமேறி | ஏப்ரல் 19, இரவு 9.55

தம்பி, அப்பா இல்லாத தோப்பில் முதல் வெட்டு என்றால் மனசு எப்படி இருக்கும் என்று தெரியும். நான் நாற்பது வருடமாகப் பலா மரம் ஏறுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பெரிய காய் வேறு, விளைந்த காய் வேறு. எட்டுக் கிலோவிலேயே விளைகிற மரம் உண்டு, இருபது கிலோ வந்தும் இன்னும் ஒரு மாதம் கேட்கிற மரமும் உண்டு. எடையை மறந்துவிடுங்கள்.

முள்ளைப் பாருங்கள். பிஞ்சில் முள் நெருக்கமாக, கூராக இருக்கும். விளைய விளைய முள்ளுக்கு முள் இடைவெளி விழும், அடி அகலும், நுனி மழுங்கும். உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தித் தேயுங்கள். கை குத்தினால் இன்னும் ஆகவில்லை. முள் தட்டையாகப் பரந்து, கை வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தால் அடுத்த அடையாளத்துக்குப் போகலாம்.

அடுத்தது இலை. காய் தொங்குகிற காம்பிலேயே, காய்க்கு மேலே ஒரு இலை இருக்கும். அது பழுத்து மஞ்சளானால் காய் தயாராகிறது என்று அர்த்தம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. காற்றில் உதிர்ந்துவிட்டால் இந்த அடையாளம் கிடைக்காது, அவ்வளவுதான்.

நிறம் மூன்றாவதுதான். பச்சை மங்கி மஞ்சளும் பழுப்பும் கலந்த மாதிரி வரும். ஆனால் இலை நிழலில் தொங்குகிற காய் விளைந்த பிறகும் பச்சையாகவே நிற்கும். வெயில் பக்கம் உள்ளது விளையாமலேயே மஞ்சள் காட்டும். நிறத்தை மட்டும் நம்பி வெட்டி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சத்தத்துக்கு வருகிறேன். ஒரே காயைத் தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே மரத்தில் நிச்சயமாகப் பிஞ்சு என்று தெரிகிற ஒன்றை முதலில் தட்டுங்கள். உடனே சந்தேகப்படுகிற காயைத் தட்டுங்கள். கத்தியின் கைப்பிடியால், காயின் வயிற்றுப் பகுதியில். காம்புக்குக் கிட்டே தட்டினால் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். பிஞ்சு 'டண்' என்று கட்டையைத் தட்டியதுபோல் திருப்பி அடிக்கும். விளைந்தது 'பொத், பொத்' என்று சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை தட்டுங்கள், காது பழகிவிடும்.

குமரி மழை | ஏப்ரல் 19, இரவு 10.30

புலியூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் மரம் வருக்கையா, கூழனா? நாங்கள் மார்த்தாண்டம் பக்கம் சக்கை என்றுதான் சொல்வோம். கூழன் சக்கை விளைந்து பழுத்தால் விரலை வைத்து அழுத்தும்போதே உள்ளே போகும். வருக்கை நன்றாகப் பழுத்த பிறகும் கட்டியாகத்தான் இருக்கும். வருக்கையை அழுத்திப் பார்த்து "இன்னும் கல்லாக இருக்கிறதே" என்று விட்டுவைத்து, மரத்திலேயே அழுகவிட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எனவே எந்த மரம் எந்த ரகம் என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவோடு அத்தனை வருடம் சுளை உரித்தவர் அவர்தானே, அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்று, அணிலும் காக்கையும் வந்து கொத்த ஆரம்பித்த காய் இருந்தால் அந்த மரத்தில் அதே சமயம் பூத்த மற்ற காய்களை அன்றே பாருங்கள். அவற்றின் மூக்கு நம் மூக்கைவிட நல்ல மூக்கு.

விதைநேர்த்தி | ஏப்ரல் 20, காலை 6.15

நான் தோட்டக்கலை படித்தவள், இப்போது தேனி மாவட்டத்தில் வேலை. மேலே இரண்டு பேரும் கையால் அறிந்து சொன்னதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொன்னால், அடுத்த முறை முடிவெடுக்க உதவும் என்று நினைக்கிறேன்.

நம் மொழியிலேயே இதற்குச் சொல் இருக்கிறது. விளைவது வேறு, பழுப்பது வேறு. காய் மரத்தில் இருக்கும்போது இலைகள் தயாரிக்கும் சத்தை வாங்கி மாவாகச் சேர்த்து வைக்கிறது. இது விளைச்சல். அந்தச் சேமிப்பு முடிந்த பிறகு மாவு சர்க்கரையாகி, சதை இளகி, வாசம் வருகிறது. இது பழுப்பு. பலா, மா, வாழை, சப்போட்டா, பப்பாளி, சீத்தா போன்றவற்றை விளைந்ததும் பறித்தால் வீட்டில் பழுத்துக்கொள்ளும். ஆனால் மரத்தில் சேர்க்காத மாவைச் சாக்குக்குள் சேர்க்க முடியாது. உங்கள் பதினாலு கிலோ காய்க்கு நடந்தது இதுதான். அதை வெம்பல் என்கிறோம். எத்தனை நாள் மூடி வைத்தாலும் அது சுருங்கும், வாடும், இனிக்காது.

அன்னாசி, மாதுளை, எலுமிச்சை, திராட்சை வேறு வகை. பறித்த நிமிடத்தில் என்ன இனிப்போ அதுதான். அன்னாசியை வாங்கி வைத்துப் "பழுக்கட்டும்" என்று காத்திருப்பதில் பயனில்லை.

பலாவுக்கு நாள் கணக்கும் கைகொடுக்கும். பூக்கதிர் வெளிவரும் வாரத்திலேயே காம்பில் ஒரு நிறத் துணியைக் கட்டி, நோட்டில் தேதி எழுதுங்கள். மரத்துக்கு மரம், மழைக்கு மழை வித்தியாசம் உண்டு, பொதுவாக ஐந்து, ஆறு மாதம் ஆகும். ஒரே மரத்தில் இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் தட்டுவதற்கு முன்பே எதைத் தட்டலாம் என்று தெரிந்துவிடும். இப்போது தொங்கும் இருபத்தேழும் ஒரே வாரத்தில் பூத்தவையாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒரே நாளில் மொத்தமாக வெட்டினால் அதில் நிறையக் காய்கள் உங்கள் முதல் காய் போலத்தான் போகும்.

செம்மண்தோப்பு | ஏப்ரல் 20, காலை 7.50

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். கிணற்றோரம் உள்ள இரண்டும் கூழன், மற்றவை வருக்கை என்கிறார். எனக்கு இது இத்தனை வருடம் தெரியவில்லை.

வியாபாரி இன்னொன்றும் சொல்கிறார். "காம்பின் நடுத்தண்டில் வேப்பங்குச்சியை அடித்து இறக்கினால் இரண்டே நாளில் பழுத்துவிடும், விளைந்ததா இல்லையா என்ற கவலையே வேண்டாம்" என்று. அப்பாவும் குச்சி அடித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சரியா?

விதைநேர்த்தி | ஏப்ரல் 20, காலை 8.20

குச்சி அடிப்பது பொய்யில்லை. காயம் பட்ட காய் எத்திலீன் என்ற வாயுவை அதிகமாக வெளிவிடும். அந்த வாயுதான் பழுக்கச் சொல்லும் கட்டளை. ஆகவே விளைந்த காயில் அடித்தால் ஓரிரு நாள் முன்னதாகப் பழுக்கும். உங்கள் அப்பா விளைந்த காயில்தான் அடித்திருப்பார். விளையாத காயில் அடித்தால் கட்டளை போகும், கொடுக்க உள்ளே சரக்கு இருக்காது. மேலே இளகும், உள்ளே சப்பென்று இருக்கும், குச்சி போன வழியாக அழுகலும் இறங்கும்.

கெலமங்கலம் மாந்தோப்பு | ஏப்ரல் 20, மதியம் 1.05

பலா பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் "மொத்தமாக வெட்டிக்கொள்கிறேன்" என்ற பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய்க்கு வருடா வருடம் இதுதான் நடக்கிறது. சந்தைக்கு முதலில் வருகிற காய்க்கு விலை அதிகம். அதற்காக விளைவதற்கு மூன்று வாரம் முன்பே செந்தூரா, பெங்களூரா ரக மாங்காய்களை உலுக்கித் தள்ளுகிறார்கள். மூன்று வருடம் முன்பு நானும் ஒருவரிடம் மரத்தைக் குத்தகைக்கு விட்டேன். கார்பைடு பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்து மஞ்சளாக்கி அனுப்பியது பிறகுதான் தெரிந்தது. தங்கம் மாதிரி நிறம், கடித்தால் புளிப்பு. என் தோப்புப் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறார். அன்றோடு குத்தகையை நிறுத்தினேன்.

கால்சியம் கார்பைடு நம் நாட்டில் பழத்துக்குத் தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். எத்திலீன் வாயுவை மட்டும், பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, முறையான அறையில் பயன்படுத்த 2016இல் இருந்து அனுமதி உண்டு. அதுவும் விளைந்த காய்க்குத்தான் உதவும்.

மாங்காயில் நான் பார்ப்பது தோளைத்தான். விளையாத காயில் காம்பிலிருந்து தோள் சரிந்து இறங்கும். விளைந்ததில் இரண்டு பக்கமும் தோள் திரண்டு காம்பைவிட மேலே எழும்பி, காம்பு சின்னக் குழிக்குள் உட்கார்ந்ததுபோல் இருக்கும். தோலில் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய மாவு படிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு காயைக் கொட்டை வரை அறுத்துப் பாருங்கள். கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையிலிருந்து இளமஞ்சளுக்கு மாறியிருந்தால் மரம் தயார். ஒரு காயை இழப்பது ஒரு மரத்தை இழப்பதைவிட மேல்.

வலிகாமத்தான் | ஏப்ரல் 20, பிற்பகல் 3.40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பிலாப்பழம் என்றுதான் சொல்வோம். வளவில் ஒரு பிலாவும் மூன்று கறுத்தக்கொழும்பான் மாமரமும் நிற்கின்றன.

மாவில் தோள் பார்ப்பது எங்கள் அம்மம்மாவும் சொல்லித் தந்ததுதான். அதோடு அவர் வாளித் தண்ணீரில் போட்டும் பார்ப்பார். விளைந்த காய் அமிழும், இளசு மிதக்கும். கொக்கத்தடியில், அதாவது துறட்டியில், பை கட்டித்தான் ஆய்வோம் (பறிப்போம்), நிலத்தில் விழுந்த காயைப் பழுக்கப் போடுகிற கூட்டத்தில் சேர்க்கமாட்டார். அடிபட்டது முதலில் பழுத்து மற்றதையும் கெடுக்கும் என்பார். காம்பை நீளமாக விட்டு ஆய்ந்து, பிறகு ஒடித்துக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிடவேண்டும். பால் தோலில் பட்டால் அந்த இடம் கருகிவிடும்.

வாழைக்குலையும் அப்படித்தான். காயின் விளிம்பு கூராக நிற்கும்வரை வெட்டுவதில்லை. விளிம்பு மழுங்கி உருண்ட பிறகு வெட்டிக் கிடங்கில் வைத்துப் புகை ஊதுவோம்.

கெலமங்கலம் மாந்தோப்பு | ஏப்ரல் 20, மாலை 5.30

வலிகாமத்து அண்ணா, தண்ணீர்ச் சோதனையை நானும் செய்கிறேன். அல்போன்சாவுக்கு நன்றாக ஒத்துவருகிறது. ஆனால் எல்லா ரகத்துக்கும் ஒரே மாதிரி நம்ப முடியவில்லை. அதோடு, பறித்த பிறகுதானே தண்ணீரில் போட முடியும்? பத்துக் காயை மாதிரிக்குப் பறித்துப் போட்டு, எட்டு அமிழ்ந்தால் அந்த மரத்தைப் பறிப்பது என்று வைத்திருக்கிறேன்.

பினாங்குவாசி | ஏப்ரல் 20, இரவு 7.10

படிக்கப் படிக்க ஒரு கேள்வி. இவ்வளவு சிரமம் எதற்கு, மரத்திலேயே பழுக்கவிட்டால் என்ன? இங்கே பினாங்கில் பலாவைப் போல முள் உள்ள டுரியான் பழத்தை யாரும் வெட்டுவதில்லை. மரத்துக்குக் கீழே வலை கட்டிவிட்டு, அதுவாக விழும்வரை காத்திருக்கிறார்கள். இரவில் விழுந்ததை விடியற்காலையில் பொறுக்கி, அன்றே விற்று, அன்றே சாப்பிட்டுவிடுகிறோம். தாய்லாந்தில்தான் வெட்டுகிறார்கள். அங்கே பூ விரிந்த நாளிலிருந்து எண்ணி, மொந்தோங் ரகத்துக்குச் சுமார் 120 நாள் ஆனதும் தட்டிப் பார்த்து வெட்டி, கப்பலில் ஏற்றுகிறார்கள். இளசாக வெட்டி அனுப்பி வாங்கியவர்கள் சலித்துப்போனதால், அந்த ரகத்தின் சதையில் நீர் போக உள்ள பொருள் 32 சதவீதமாவது இருக்கவேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் விழுந்த பழத்தின் வாசமே தனி. என்னைக் கேட்டால் பலாவுக்கும் அதுதான் நல்லது.

புலியூர் மரமேறி | ஏப்ரல் 20, இரவு 9.00

பினாங்குத் தம்பி, வீட்டுக்கு ஒரு மரம் என்றால் உங்கள் பேச்சு சரி. நானும் என் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பழத்தை மரத்திலேயே விட்டுவைப்பேன். ஆனால் பதினைந்து கிலோ பலா முப்பது அடியிலிருந்து விழுந்தால் என்ன மிஞ்சும்? வெடித்துச் சிதறும். விழாமல் நின்றாலும் மரத்தில் பழுத்ததை அணில், வௌவால், ஈ எல்லாம் நமக்கு முன்னால் சாப்பிட்டுவிடும். லாரியில் ஏற்றி மறுநாள் கோயம்பேட்டில் இறக்கினால் பாதி கூழாகியிருக்கும்.

நாங்கள் வெட்டுவது விளைந்ததற்கும் பழுப்பதற்கும் நடுவே உள்ள அந்த நாலைந்து நாளில். அதைப் பிடிக்கத்தான் இத்தனை தட்டலும். காம்பில் கயிறு கட்டி, அடியில் சாக்கு கொடுத்து, இறக்கும்போது தாய் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கவேண்டும். தரையில் மோதிய இடம் மூன்றாம் நாள் கறுத்துவிடும்.

விதைநேர்த்தி | ஏப்ரல் 21, காலை 6.40

இரண்டு பேர் சொல்வதும் அந்தந்தப் பழத்துக்குச் சரி. மரத்தில் எவ்வளவு நாள் விட்டாலும் இளகாத பழமும் இருக்கிறது. கொடைக்கானல் கீழ்மலையில் பட்டர் ஃப்ரூட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், பறித்தால்தான் அது பழுக்கும். ஒன்றை அறுத்து, விதையின் மேல்தோல் வெள்ளையாக இருந்தால் இளசு, பழுப்பாகிக் காகிதம்போல் காய்ந்திருந்தால் விளைந்தது என்று முடிவு செய்வார்கள்.

முல்லைக்கொடி | ஏப்ரல் 21, காலை 10.15

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மொட்டை மாடித் தொட்டியில் ஒரு சப்போட்டா, ஆறு காய் விட்டிருக்கிறது. நிறமே மாறாத பழத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

குமரி மழை | ஏப்ரல் 21, காலை 10.40

அக்கா, நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சையாகத் தெரிந்து பால் கசிந்தால் விடுங்கள். உள்ளே மஞ்சளாகத் தெரிந்து, மேலே உள்ள பழுப்புத் தவிடு கையோடு உதிர்ந்து வந்தால் பறிக்கலாம். நுனியில் உள்ள காய்ந்த முள் தொட்டதும் விழுவதும் ஒரு அடையாளம். ஆறு காயும் ஒரே நாளில் ஆகாது.

செம்மண்தோப்பு | மே 3, இரவு 9.20

இரண்டு வாரம் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வியாபாரியிடம் மொத்தமாகத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விலை குறைத்துப் பேசினார், கோபித்துக்கொண்டு போனார், நாலு நாள் கழித்து அவரே திரும்பி வந்தார். விளைய விளைய எண்ணித் தருகிறேன் என்று பேசி முடித்தோம்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் தோப்புக்குப் போனோம். புலியூர் ஐயா சொன்னபடி பிஞ்சு ஒன்று, சந்தேகம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டினேன். முதல் மரத்தில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது மரத்தில், கிழக்குக் கிளையில் தாழத் தொங்கிய காயைத் தட்டியபோது வித்தியாசம் கேட்டது. கையில் அதிர்வே திரும்பி வரவில்லை. முள்ளில் கை வைத்தேன், குத்தவில்லை. ஆனால் காய் நல்ல பச்சை. நான் தயங்கினேன். அம்மா ஒன்றும் பேசாமல் காம்பைக் காட்டினார். அந்த ஒற்றை இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் கொஞ்சம் பச்சையாக நின்றது.

கயிறு கட்டி இறக்கினோம். ஒன்பது கிலோதான். வெட்டிய காம்பில் பால் முதல் தடவை போலக் குபுகுபுவென்று வரவில்லை, சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. காம்பு கீழே இருக்கும்படி சாய்த்து, வைக்கோலில் வைத்தோம். குச்சி அடிக்கவில்லை. நாலாம் நாள் இரவு தூங்கி எழுந்தபோது கூடம் முழுக்க வாசம்.

கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அம்மாதான் அறுத்தார். சுளை ஆழ்ந்த மஞ்சள், பிடித்து இழுத்ததும் சடையை விட்டுத் தனியாக வந்தது. கடித்தால் நறுக்கென்று இருந்தது. முதல் சுளையை அப்பா படத்துக்கு முன்னால் வைத்தோம்.

இதுவரை ஒன்பது காய் வெட்டியிருக்கிறோம். ஏழு சரியாக வந்தன. ஒன்று இரண்டு நாள் முந்திவிட்டது, இனிப்புக் கொஞ்சம் குறைவு. கூழன் மரத்தில் ஒன்று தாமதமாகி, வெட்டுவதற்குள் அணில் பாதியைத் தின்றுவிட்டது.

புலியூர் மரமேறி | மே 3, இரவு 10.05

ஒன்பதுக்கு ஏழு என்றால் முதல் வருடத்துக்கு நல்ல கணக்கு தம்பி. அந்தப் பச்சைக் காயை நிறம் பார்த்து விட்டுவைக்காமல் இறக்கினீர்கள் பாருங்கள், அங்கேதான் கை வந்திருக்கிறது. கோடை மழை ஒன்று வரப்போகிறது. விளைந்த காயில் மழை நின்றால் காம்போரம் அழுகும். கூழன் மரத்தை நாளைக்கே ஒரு சுற்றுத் தட்டிவிடுங்கள்.

செம்மண்தோப்பு | மே 4, காலை 6.30

தட்டிவிட்டு வந்துதான் எழுதுகிறேன் ஐயா. கூழனில் இரண்டு 'பொத்' என்கிறது, சாயங்காலம் இறக்குகிறோம். மற்றவற்றுக்கு அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துத் துணி கட்டியாகிவிட்டது. விதைநேர்த்தி அக்கா, இவை எப்போது பூத்தன என்று தெரியாது. அதனால் இன்றைய சத்தத்தை மட்டும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: நாலு 'டண்', மூன்று நடுவில்.